1967: லிஸ்பனில் கோப்பை, கேத்கினில் பூட்டு – ஸ்காட்லாந்துக் கால்பந்தின் பழைய கதைகள்

#1 கேத்கின்_மரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே.

கிளாஸ்கோவின் தென்பகுதியில், ஸ்காட்லாந்தின் தேசிய மைதானமான ஹாம்ப்டன் பார்க்கிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில், கேத்கின் பார்க் என்று ஒரு பொதுப் பூங்கா இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போயிருந்தேன். நாயோடு நடப்பவர்கள், ஓடுபவர்கள், நடுவில் ஒரு புல்தரை. முதலில் பார்த்தால் சாதாரணப் பூங்காதான். கொஞ்சம் நின்று சுற்றிலும் பார்த்தால் நெஞ்சை அடைக்கிறது. புல்தரையைச் சூழ்ந்து கான்கிரீட் படிகள் ஏறிப் போகின்றன. ரசிகர்கள் சாய்ந்து நின்ற இரும்புத் தடுப்புகள் இன்னும் இருக்கின்றன. படிகளின் இடுக்கில் மரங்கள் முளைத்து, கூட்டம் நின்ற இடத்தில் இன்று அவைதான் நிற்கின்றன.

அது தேர்ட் லனார்க் கிளப்பின் வீடு. 1872-இல் ஒரு தன்னார்வ ராணுவப் படைப்பிரிவினர் தொடங்கிய அணி. 1889-இலும் 1905-இலும் ஸ்காட்டிஷ் கோப்பை, 1904-இல் லீக் பட்டம். 1960-61 சீசனில் 34 லீக் ஆட்டங்களில் 100 கோல் அடித்து மூன்றாம் இடம். அதற்கு ஆறே ஆண்டுகள் கழித்து கிளப்பே இல்லை. கடைசி ஆட்டம் 1967 ஏப்ரல் 28, டம்பார்டன் மைதானத்தில் 5-1 தோல்வி. அந்த ஒற்றை கோலை அடித்தவர் ட்ரூ பஸ்பி. 95 ஆண்டு வரலாற்றின் கடைசி கோல் தன் காலிலிருந்து வந்தது என்று அன்று அவருக்குத் தெரிந்திருக்காது. கிளப்புக்குப் பணம் இல்லாமல் போனது மட்டும் காரணமில்லை, நிர்வாகமே அதைக் கெடுத்தது என்று பிறகு நடந்த அரசு விசாரணை காட்டியது.

இப்போது நாளை எண்ணிப் பாருங்கள். அந்த ஆட்டம் முடிந்து 27-ஆவது நாள், மே 25, லிஸ்பன். அதே கிளாஸ்கோவின் செல்டிக், இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய முதல் பிரிட்டிஷ் அணி ஆனது. ஏழாவது நிமிடத்திலேயே மஸோலாவின் பெனால்ட்டி. அதன் பிறகு இன்டர் தன் எல்லைக்குள் பூட்டிக்கொண்டு உட்கார, செல்டிக் அலையலையாக ஏறியது. டாமி கெம்மல் சமன் செய்தார், ஐந்தாறு நிமிடம் பாக்கி இருக்கும்போது ஸ்டீவி சாமர்ஸ் காலை நீட்டி முடித்தார். பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். கோல்கீப்பர் ரோனி சிம்ப்சனுக்கு வயது 36. சக வீரர்கள் சிலரின் பொய்ப்பற்கள் அவருடைய தொப்பிக்குள், கோல் வலைக்குப் பக்கத்தில் இருந்தன. ஆட்டம் முடிந்து படம் எடுப்பார்களே, அப்போது போட்டுக்கொள்ள வேண்டுமே!

அந்த சிம்ப்சன் ஏப்ரல் 15-ஆம் தேதிதான், அந்த வயதில், ஸ்காட்லாந்துக்காக முதல் முறை ஆடினார். எங்கே? வெம்பிளியில், உலகக் கோப்பையை வென்றபின் தோற்றே இராத இங்கிலாந்துக்கு எதிராக. 3-2 வெற்றி. ஜிம் பாக்ஸ்டர் ஆட்டத்தின் நடுவே பந்தைக் காலில் தட்டித் தட்டி விளையாட்டுக் காட்டிய நாள் அது.

ஆறு வாரத்துக்குள் இவ்வளவும் ஒரு சின்ன நாட்டில். 1967-க்கு இணையான ஆண்டு ஸ்காட்லாந்துக் கால்பந்தில் இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம். பழைய கதைகள், துணுக்குகள் எதுவானாலும் போடுங்கள்.


#2 நடுவர்_விசில்

அருமையான தொடக்கம். ஆனால் 1967-இன் கதையை ஏப்ரலில் தொடங்கக் கூடாது, ஜனவரி 28-இல் தொடங்க வேண்டும்.

பெரிக் என்ற ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆனால் அதன் அணியான பெரிக் ரேஞ்சர்ஸ் ஆடுவது ஸ்காட்லாந்து லீக்கில். அன்று ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் அங்கே போனது. முதல் பாதியில் சாமி ரீட் ஒரு கோல் அடித்தார். அவ்வளவுதான், 1-0. இரண்டாம் டிவிஷன் அணியிடம் கோப்பையை வைத்திருந்த ரேஞ்சர்ஸ் தோற்றது. பெரிக்கின் கோல்கீப்பராகவும் மேனேஜராகவும் ஒருசேர இருந்தவர் ஜாக் வாலஸ். அதே வாலஸ் பிறகு ரேஞ்சர்ஸின் மேனேஜராகி 1976-இலும் 1978-இலும் மூன்று உள்நாட்டுக் கோப்பைகளையும் ஒரே சீசனில் வென்று கொடுத்தார்.

இதில் எனக்கு வலிக்கும் பகுதி வேறு. அந்தத் தோல்விக்குப் பலியானவர்கள் ஜிம் ஃபாரஸ்ட், ஜார்ஜ் மெக்லீன் என்ற இரண்டு முன்கள வீரர்கள். ரேஞ்சர்ஸ் சட்டையை அவர்கள் மறுபடி போடவே இல்லை. மே 31-ஆம் தேதி ரேஞ்சர்ஸ் நியூரம்பர்க்கில் கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பிய இறுதிப் போட்டிக்குப் போனபோது, முன்வரிசையில் நிறுத்த ஆளில்லாமல் தடுப்பாட்டக்காரரான ரோஜர் ஹிண்டை நிறுத்தியது. நல்ல வாய்ப்பு ஒன்று அவருக்கு வந்தது, போகவில்லை. கூடுதல் நேரத்தில் பேயர்ன் மியூனிக் 1-0 என்று வென்றது. பெரிக்கில் ஜனவரியில் எடுத்த கோபத்தின் விலையை மே மாதம் ஜெர்மனியில் கொடுத்தார்கள். ஃபாரஸ்ட் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் கிளாஸ்கோவுக்கு வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.


#3 வடகடல்

இருவரும் எழுதியது சரி. ஆனால் கிளாஸ்கோவை விட்டு வெளியே வாருங்கள். 1967 கிளாஸ்கோவின் ஆண்டு. ஸ்காட்லாந்தின் ஆண்டு என்றால் அது 1983.

நான் அபர்தீனில் வேலை பார்த்த காலத்தில், வயதானவர்கள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் கோதன்பர்க் வந்துவிடும். மே 11, கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பிய இறுதிப் போட்டி, கொட்டும் மழை. எதிரே ரியல் மாட்ரிட், அவர்களின் மேனேஜர் டி ஸ்டெஃபானோ. ஏழாவது நிமிடத்தில் எரிக் பிளாக், பிறகு ஹுவானிட்டோவின் பெனால்ட்டி, 112-ஆவது நிமிடத்தில் மாற்று வீரர் ஜான் ஹியூவிட் பாய்ந்து தலையால் முட்டியது. 2-1. ரசிகர்கள் செயின்ட் கிளேர் என்ற கப்பலில் வடகடலைக் கடந்து போனார்கள். வழக்கமாக அது தீவுகளுக்குப் போகும் கப்பல்.

அபர்தீனின் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்கூசன் தன் கூடவே ஜாக் ஸ்டீனை அழைத்துப் போயிருந்தார். லிஸ்பனில் வென்ற செல்டிக்கின் மேனேஜர், அதே ஸ்டீன். டி ஸ்டெஃபானோவுக்கு ஒரு நல்ல விஸ்கி பாட்டிலைப் பரிசாகக் கொடு, இறுதிப் போட்டிக்கு வந்ததே பெரிய பாக்கியம் என்று நீ நினைப்பதாக அவர் எண்ணட்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் ஸ்டீன்தான். பெரியவர் சொன்னபடியே ஃபெர்கூசன் செய்தார்.

கோதன்பர்க்கை விட எனக்குப் பிடித்த இரவு மார்ச் மாதக் காலிறுதி. அபர்தீனின் மைதானமான பிட்டோட்ரியில் பேயர்ன் 2-1 என்று முன்னால் இருந்தது. ஒரு ஃப்ரீ கிக். ஸ்ட்ராகனும் மெக்மாஸ்டரும் ஒரே நேரத்தில் ஓடி வந்து, யார் அடிப்பது என்று குழம்பியது போல மோதிக்கொண்டு நின்றார்கள். பேயர்ன் வீரர்கள் ஒரு நொடி அசந்த வேளையில் ஸ்ட்ராகன் திரும்பிப் பந்தைத் தூக்கிப் போட, மெக்லீஷ் தலையால் முட்டினார். அடுத்த நிமிடமே ஹியூவிட் மூன்றாவதையும் அடித்துவிட்டார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாடகம் அது.

கோதன்பர்க்குக்குப் பத்து நாள் கழித்து அபர்தீன் ரேஞ்சர்ஸை வென்று ஸ்காட்டிஷ் கோப்பையையும் எடுத்தது. அப்படியும் ஃபெர்கூசன் தொலைக்காட்சியில் தன் வீரர்களையே காய்ச்சி எடுத்தார், ஆட்டம் மோசமாக இருந்ததாம்!


#4 டே_நதிக்கரை

வடகடல் அண்ணா, 1983 என்று சொல்லிவிட்டு எங்கள் டண்டீயை விட்டுவிட்டீர்களே. கோதன்பர்க் நடந்த மூன்றாவது நாள், மே 14, டண்டீ யுனைடெட் லீக் பட்டம் வென்றது. யுனைடெட்டுக்கு 56 புள்ளி, செல்டிக்குக்கும் அபர்தீனுக்கும் ஆளுக்கு 55.

அந்தக் கடைசி ஆட்டம் நடந்த இடம் டென்ஸ் பார்க், அதாவது எதிரி அணியான டண்டீயின் மைதானம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: டென்ஸ் பார்க்கும் யுனைடெட்டின் டனடைஸும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஒன்றின் வாசலில் நின்றால் மற்றதன் கூரை தெரியும். யுனைடெட் ரசிகர்கள் தங்கள் வரலாற்றிலேயே பெரிய வெற்றிக்கு அந்தத் தெருவில் சில நிமிடம் நடந்தே போய் வந்தார்கள். ரால்ஃப் மில்ன் தூரத்திலிருந்து கோல்கீப்பரின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டது நாலாவது நிமிடத்திலேயே. 2-1.

மேனேஜர் ஜிம் மெக்லீனும் அந்தத் தெருவைக் கடந்து வந்தவர்தான். 1971-இல் டண்டீயில் பயிற்சியாளராக இருந்தவர் எதிர்வாசலுக்கு மேனேஜராகப் போனார், 1993 வரை இருந்தார்.

நண்பர்களிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி இது. பார்சிலோனாவோடு நான்கு போட்டி ஆட்டங்கள் ஆடி நான்கிலும் வென்ற அணி எது? டண்டீ யுனைடெட். 1966-இல் இரண்டு, 1987-இல் இரண்டு. அந்த 1987-இல்தான் யூஃபா கோப்பை இறுதிப் போட்டியில் யுனைடெட் கோதன்பர்க் அணியிடம் தோற்றது. தன் சொந்த மைதானத்தில் கோப்பையைப் பறிகொடுத்த கூட்டம் எழுந்து நின்று ஸ்வீடன்காரர்களுக்குக் கைதட்டியது. அதற்காக ஃபிஃபா ரசிகர்களுக்கே நேர்மை விருது கொடுத்தது. கோப்பை வராத அந்த இரவைத்தான் நான் லீக் பட்டத்துக்கும் மேலே வைப்பேன்.


#5 கேத்கின்_மரம்

டே_நதிக்கரை, பார்சிலோனாவை நீங்கள் முதல் முறை வென்றது 1966-67 சீசனில்! அதே போட்டியில் கில்மார்னாக் அரையிறுதி வரை போனது. எனவே உங்கள் ஊரும் என் கணக்கில்தான் சேர்கிறது. ஆனாலும் ஒரே வாரத்தில் அபர்தீனும் டண்டீ யுனைடெட்டும் வென்றது, செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் ஓரமாக நின்றது, இதற்கு என்னிடம் பதில் இல்லை. 1983-ஐப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கிறேன்.


#6 வகுத்தல்_கணக்கு

கில்மார்னாக் பெயர் வந்துவிட்டதால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உலகக் கால்பந்திலேயே கணக்கால் அடிபட்ட அணி எது என்றால் எடின்பரோவின் ஹார்ட்ஸ்தான். இரண்டு முறை. பொறுமையாகப் படியுங்கள்.

1965 ஏப்ரல் 24, கடைசி நாள். ஹார்ட்ஸ் இரண்டு புள்ளி முன்னால். எதிரே கில்மார்னாக், ஆட்டம் ஹார்ட்ஸின் டைன்காசிலில். அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். புள்ளி சமமானால் கோல் சராசரி பார்ப்பார்கள், அதாவது அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது. ஹார்ட்ஸ் 1-0 என்று தோற்றாலும் பட்டம் அவர்களுக்கே. கில்மார்னாக் 2-0 என்று வென்றது. ஸ்னெடனும் மெக்இல்ராயும் இரண்டு நிமிட இடைவெளியில் அடித்த இரண்டு கோல். கடைசி நொடிகளில் ஹார்ட்ஸின் ஆலன் கார்டன் அடித்த பந்தை கோல்கீப்பர் பாபி ஃபெர்கூசன் பாய்ந்து தட்டிவிட்டார். அது போயிருந்தால் வரலாறு வேறு.

கடைசிக் கணக்கு: கில்மார்னாக் 62 அடித்து 33 வாங்கியது, 1.879. ஹார்ட்ஸ் 90 அடித்து 49 வாங்கியது, 1.837. வித்தியாசம் 0.042. கழித்துப் பார்த்திருந்தால் ஹார்ட்ஸுக்கு 41, கில்மார்னாக்குக்கு 29. பக்கத்தில்கூட வர முடியாது.

பிறகு விதியை மாற்றினார்கள். வகுத்தல் போய்க் கழித்தல் வந்தது. சரி, இனி ஹார்ட்ஸுக்கு நியாயம் கிடைக்கும் என்று நினைப்போம் இல்லையா?

1986 மே 3. ஹார்ட்ஸ் 27 லீக் ஆட்டங்களாகத் தோற்கவில்லை. டென்ஸ் பார்க்கில் டண்டீயோடு ஒரு டிரா போதும். ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது, மாற்று வீரராக இறங்கிய ஆல்பர்ட் கிட் ஒரு கோல் அடித்தார். சற்று நேரத்தில் இன்னொன்று. அங்கே பெய்ஸ்லியில் செல்டிக், செயின்ட் மிரனை 5-0 என்று அடித்திருந்தது. இரு அணிக்கும் 50 புள்ளி. செல்டிக் 67-38, வித்தியாசம் 29. ஹார்ட்ஸ் 59-33, வித்தியாசம் 26. பட்டம் செல்டிக்குக்கு.

இப்போது பழைய முறையில் வகுத்துப் பாருங்கள். செல்டிக் 1.763, ஹார்ட்ஸ் 1.788.

1965-இல் 1986-இன் விதி இருந்திருந்தால் ஹார்ட்ஸ் சாம்பியன். 1986-இல் 1965-இன் விதி இருந்திருந்தால் அப்போதும் ஹார்ட்ஸ் சாம்பியன். நான் இதைப் பலமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.


#7 பழைய_பேப்பர்

வகுத்தல்_கணக்கு ஐயா, ஹார்ட்ஸ் பட்டத்தை இழந்த மூன்றாவது கதை ஒன்று உண்டு. அதில் கணக்கே இல்லை.

1914 நவம்பர். ஹார்ட்ஸ் லீக்கில் முதலிடம். அணியின் வீரர்கள் சேர்ந்து போய் 16-ஆவது ராயல் ஸ்காட்ஸ் படைப்பிரிவில் பெயர் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து ரசிகர்களும் மற்ற அணி வீரர்களும் சேர்ந்தார்கள். ராணுவப் பயிற்சி, இரவு நடை, சனிக்கிழமை ஆட்டம் என்று உடல் களைத்து, கடைசியில் செல்டிக்கிடம் நான்கு புள்ளியில் பட்டத்தை விட்டார்கள். போரில் முதல் அணியின் ஏழு பேர் திரும்பி வரவில்லை. எடின்பரோவின் ஹேமார்க்கெட்டில் ஒரு மணிக்கூண்டு நினைவுச்சின்னம் இருக்கிறது, 1922-இல் வைத்தது. இன்றும் நவம்பரில் அங்கே கூடி மாலை வைக்கிறார்கள்.

மனதைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ள ஒரு துணுக்கு. ஸ்காட்லாந்தில் மூன்று வெவ்வேறு அணிகளோடு லீக் பட்டம் வென்று, அந்த மூன்றில் ஒன்றுகூட செல்டிக்கோ ரேஞ்சர்ஸோ இல்லாத வீரர் யார்? கார்டன் ஸ்மித். எடின்பரோவின் இன்னொரு அணியான ஹிப்ஸோடு 1948, 1951, 1952. இவர் முடிந்துவிட்டார் என்று அவர்கள் அனுப்பியபின் ஹார்ட்ஸோடு 1960. பிறகு டண்டீயோடு 1962. மூன்று அணிகளுக்காகவும் ஐரோப்பியக் கோப்பையில் ஆடினார். ஹிப்ஸில் அவரும் ஜான்ஸ்டன், ரைலி, டர்ன்புல், ஆர்மண்டும் சேர்ந்த முன்வரிசைக்கு ‘புகழ்பெற்ற ஐவர்’ என்று பெயர். 1955-56-இல் ஐரோப்பியக் கோப்பையில் ஆடிய முதல் பிரிட்டிஷ் அணி அந்த ஹிப்ஸ்தான், அரையிறுதி வரை போனார்கள்.


#8 மத்தேயு_வாசகி

எனக்குக் கால்பந்து கொஞ்சம்தான் தெரியும், ஆனால் ஒரு துணுக்கு என்னிடம் இருக்கிறது. பைபிளில் பெயர் வரும் கால்பந்து அணி எது?

குயின் ஆஃப் தி சவுத். தெற்கே டம்ஃப்ரீஸ் ஊரின் அணி. ஊருக்கு இருந்த பட்டப்பெயரையே அணிக்கு வைத்தார்கள். மத்தேயு 12:42-ஐ நம் பழைய தமிழ் பைபிளில் எடுத்துப் பாருங்கள்: ‘தென்தேசத்து ராஜஸ்திரீ’. ஞாயிறு காலை ஆலயத்தில் அந்த வசனம் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நீலச் சட்டை அணிதான் நினைவுக்கு வருகிறது.

ஸ்காட்லாந்தில் ஊர்ப்பெயர் இல்லாத அணிகள் இத்தனை ஏன் என்று யாராவது சொல்வீர்களா? செயின்ட் ஜான்ஸ்டன் என்று ஊர் தேடினேன், கிடைக்கவில்லை!


#9 நடுவர்_விசில்

சகோதரி, செயின்ட் ஜான்ஸ்டன் என்பது பெர்த் நகரத்தின் பழைய பெயர். செயின்ட் மிரன் பெய்ஸ்லி ஊரின் காவல் புனிதர். ரெய்த் ரோவர்ஸ் கிர்க்கால்டி ஊரின் அணி. ரெய்த் தெருக்களில் இன்று இரவு மக்கள் ஆடுவார்கள் என்று ஒரு வர்ணனையாளர் சொன்னதாக ஒரு பழைய கதை இருக்கிறது, அப்படி ஒரு நகரமே கிடையாது.

ரெய்த் என்றதும் 1995 நினைவுக்கு வருகிறது. முந்தைய ஆண்டு லீக் கோப்பை இறுதியில் செல்டிக்கை பெனால்ட்டியில் வென்று, அந்தத் தகுதியில் ஐரோப்பாவுக்குப் போனார்கள். மியூனிக் ஒலிம்பிக் மைதானம், எதிரே பேயர்ன். டேனி லெனன் ஒரு கோல் அடிக்க, இடைவேளையில் பலகையில் பேயர்ன் 0, ரெய்த் ரோவர்ஸ் 1. அந்தப் பலகையின் படம் இன்றும் கிர்க்கால்டியில் பொக்கிஷம். பிறகு 2-1 என்று தோற்றார்கள். அதனால் என்ன, அந்தப் பதினைந்து நிமிட இடைவேளை யாருக்குக் கிடைக்கும்?

ஊர்ப்பெயர் என்றால் இன்னொன்றும் உண்டு. ஈஸ்ட் ஃபைஃப், ஃபோர்ஃபார் என்று இரண்டு அணிகள். வானொலியில் முடிவு வாசிப்பவருக்கு ‘ஈஸ்ட் ஃபைஃப் ஃபோர், ஃபோர்ஃபார் ஃபைவ்’ என்ற முடிவு வந்தால் என்ன செய்வார் என்று பல்லாண்டுகளாகச் சொல்லிச் சிரித்தார்கள். நம் ஊர் ‘யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை’ மாதிரி நாக்கு சுளுக்கும் வரி. 2018 ஜூலையில் லீக் கோப்பையில் ஆட்டம் 1-1, பெனால்ட்டியில் ஃபோர்ஃபார் 5, ஈஸ்ட் ஃபைஃப் 4. நடந்தேவிட்டது!

அந்த ஈஸ்ட் ஃபைஃபை எளிதாக எண்ண வேண்டாம். 1938-இல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே ஸ்காட்டிஷ் கோப்பை வென்ற அணி அது. 2016-இல் ஹிப்ஸ் 114 ஆண்டுக் காத்திருப்பை முடித்து வைக்கும் வரை வேறு யாரும் அதைச் செய்யவில்லை.


#10 வடகடல்

ஆர்ப்ரோத் பற்றி யாரும் எழுதாமல் இழை நிறைவாகாது. மைதானம் கேஃபீல்ட், சுவருக்கு வெளியே வடகடல். 1885 செப்டம்பர் 12, ஸ்காட்டிஷ் கோப்பை முதல் சுற்று. அபர்தீனிலிருந்து வந்த பான் அக்கார்டை ஆர்ப்ரோத் 36-0 என்று அடித்தது. ஜாக்கி பீட்ரி மட்டும் 13 கோல். நடுவர் இன்னும் சில கோல்களை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆர்ப்ரோத் கோல்கீப்பர் பந்தையே தொடாமல் ஒரு ரசிகரின் குடைக்குக் கீழே நின்றார் என்று சொல்வார்கள்.

அதே நாள், சுமார் 18 மைல் தள்ளி டண்டீயில், டண்டீ ஹார்ப் அணி அபர்தீன் ரோவர்ஸை 35-0 என்று வென்றது. நடுவர் 37 என்று எண்ணி வைத்திருந்தாராம். ஹார்ப்பின் ஆட்களே, இல்லை ஐயா, எங்கள் கணக்கில் 35தான் என்று சொல்லிக் குறைத்துக்கொண்டார்கள். நேர்மையாக இரண்டு கோலை விட்டுக்கொடுத்து, அதனாலேயே உலக சாதனையை அடுத்த ஊரிடம் இழந்தார்கள். எனக்கு ஆர்ப்ரோத்தை விட ஹார்ப்தான் பிடிக்கும்.


#11 மோகன்பகான்_மாடி

கொல்கத்தாவில் வளர்ந்தவன் என்பதால் இதை நான் எழுத வேண்டும். 1936-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முகமது சலீம், உறவினர் ஒருவரோடு கிளாஸ்கோ போய், செல்டிக்கின் மேனேஜர் வில்லி மேலி முன்னால் ஆடிக் காட்டினார். பூட்ஸ் கிடையாது. வெறுங்காலில் துணிக்கட்டு மட்டும். அந்தக் காலால் ஸ்காட்லாந்தின் தொழில்முறை அணியில் இடம் கேட்டார், கொடுத்தார்கள். ஹாமில்டன், கால்ஸ்டன் அணிகளோடு இரண்டு ஆட்டம் ஆடினார், கால்ஸ்டனோடு 7-1. செல்டிக்கின் பழைய வீரர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் காலில் கட்டுப் போடும் படம் ஒன்று இருக்கிறது. 1936-இல் ஒரு வெள்ளைக்காரர் ஓர் இந்தியனின் காலடியில் உட்கார்ந்திருக்கும் படம்! என்னிடம் வேறு எந்தக் கால்பந்துப் படமும் இல்லை என்றாலும் பரவாயில்லை.

ஊர் நினைப்பு வந்து சலீம் திரும்பிவிட்டார். முதுமையில் அவர் நோயுற்றபோது மகன் செல்டிக்குக்குக் கடிதம் எழுத, 100 பவுண்டுக்கு வரைவோலை வந்தது. குடும்பம் அதைப் பணமாக மாற்றாமல் நினைவாக வைத்துக்கொண்டது.


#12 பழைய_பேப்பர்

சலீமுக்கு அரை நூற்றாண்டு முன்பே ஆண்ட்ரூ வாட்சன் இருக்கிறார். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கறுப்பின வீரர், குயின்ஸ் பார்க் அணியின் தடுப்பாட்டக்காரர். 1881-இல் லண்டனில் ஸ்காட்லாந்தின் கேப்டனாக இறங்கினார். இங்கிலாந்தை 6-1 என்று அடித்தார்கள். பல காலம் அவர் பெயரையே யாரும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

மற்றபடி, பெரிய ஆட்டங்களை விட எனக்கு மைதானத்துப் பழக்கங்கள்தான் அதிகம் நினைவிருக்கின்றன. நான் எழுபதுகளில் அங்கே படிக்கப் போனவன். வாசலில் சிறுவர்கள் நிற்பார்கள், ‘என்னைத் தூக்கிவிடுங்கள் ஐயா’ என்று. முன்பின் தெரியாத ஒருவர் அவனைத் தூக்கிச் சுழல்கதவுக்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கிவிடுவார், டிக்கெட் கேட்க மாட்டார்கள். இடைவேளையில் மற்ற மைதானங்களின் ஆட்ட நிலவரத்தை மைதானச் சுவரில் அ, ஆ, இ என்பது போல எழுத்துகளும் எண்களுமாக மாட்டுவார்கள். எந்த எழுத்து எந்த ஆட்டம் என்பது நிகழ்ச்சித் தாளில்தான் இருக்கும், அது இல்லாதவர்கள் பக்கத்து ஆளின் தோளை எட்டிப் பார்ப்பார்கள். கையில் சூடான போவ்ரில், மாட்டிறைச்சிச் சாறு. ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் சனிக்கிழமை விளையாட்டுத் தாள் வந்துவிடும். அபர்தீனில் பச்சைத் தாள், எடின்பரோவில் இளஞ்சிவப்பு.


#13 டே_நதிக்கரை

ஐயா, ஹாம்ப்டனில் நின்றிருக்கிறீர்களா? 1937-இல் இங்கிலாந்து ஆட்டத்துக்கு 1,49,415 பேர், ஒரு வாரம் கழித்து செல்டிக்–அபர்தீன் கோப்பை இறுதிக்கு 1,47,365 பேர் என்று படித்தேன். இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய மூன்று லட்சம். இப்போது அங்கே ஐம்பதாயிரம் சொச்சம்தான். நிற்கும் படிகளை எடுத்ததில் ஏதோ ஒன்று போய்விட்டது போல இருக்கிறது.


#14 பழைய_பேப்பர்

நின்றிருக்கிறேன் தம்பி. கோல் விழுந்தால் கால் தரையில் இருக்காது, கூட்டமே நம்மைப் பத்தடி கொண்டுபோய் வைக்கும். அந்த இரைச்சலை இன்றைக்கு எந்த மைதானத்திலும் கேட்க முடியாது.

ஆனால் படிகளுக்காக ஏங்கும்போது ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸின் 13-ஆம் படிக்கட்டையும் நினைக்க வேண்டும். 1971 ஜனவரி 2, ரேஞ்சர்ஸ்–செல்டிக் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது 66 பேர் நசுங்கி இறந்தார்கள். கடைசி நிமிட கோல் சத்தம் கேட்டுத் திரும்பி ஏறியவர்களால் நெரிசல் வந்தது என்று பல ஆண்டுகள் சொன்னார்கள். விசாரணை அதை மறுத்தது. எல்லோரும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஃபைஃபில் மார்க்கிஞ்ச் என்ற சின்ன ஊர், அங்கிருந்து மட்டும் ஐந்து சிறுவர்கள். அந்தப் படிக்கட்டில் அதற்கு முன்பே விபத்துகள் நடந்திருந்தன. என் நினைவில் படிகள் இனிமையானவைதான். ஆனால் அவற்றைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்க மாட்டேன்.


#15 வகுத்தல்_கணக்கு

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை, ஐயா. நன்றி.

கேத்கின்_மரம், அடுத்த மாதம் நான் கிளாஸ்கோ போகிறேன். அந்தப் பூங்காவுக்கு எப்படிப் போவது?


#16 கேத்கின்_மரம்

கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறி கிராஸ்ஹில்லிலோ மவுண்ட் ஃப்ளோரிடாவிலோ இறங்குங்கள். இரண்டிலிருந்தும் நடந்தே போகலாம். ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: கேத்கின்தான் இரண்டாவது ஹாம்ப்டன். குயின்ஸ் பார்க் 1903-இல் இப்போதைய ஹாம்ப்டனுக்கு மாறியபோது தேர்ட் லனார்க் அங்கே குடிவந்தது. முதல் ஹாம்ப்டன் இருந்த இடமும் பக்கத்தில்தான், இன்று புல்தரையில் பந்துருட்டி ஆடும் கிளப். மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

நான் போன அன்று மேல்படியில், மரத்துக்குப் பக்கத்தில், ஒரு முதியவர் தடுப்பில் கை ஊன்றிக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். சிறுவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கோல் அடித்தான். முதியவர் கைதட்டினார். அவரோடு சேர்ந்து நானும் தட்டினேன்.